முறை சொல்லிக் கூப்பிட்டவள்

அவளுக்கு அழகான பெயர் ஒன்று இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாரிடம் போய்க் கேட்டு அவளுடைய அப்பா ஆசையாக வைத்த பெயர். எங்கள் வகுப்பில் அந்தப் பெயரை வாயால் சொன்னவர்கள் விரிவுரையாளர்கள் மட்டும்தான். எனக்கு அவள் தங்கச்சி. லியோங்குக்கும் தங்கச்சி. என் வீட்டுக்காரருக்குக் கொழுந்தியாள். கமாலுக்கு அண்ணன் மகள். மற்றவர்களுக்கு மதினி, அத்தை, நாத்தனார் என்று என்னென்னவோ. இங்கே நான் அவள் பெயரை எழுதிவிடலாம். எழுதினால் மறுநாளே போன் அடித்து, நான் என்ன உங்களுக்கு அந்நியமா என்று ஆரம்பிப்பாள். அதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

ஈப்போவுக்குப் பக்கத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் நாங்கள் ஒன்றாகப் படித்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் கூட்டம் இன்னும் சிதறாமல் இருக்கிறதே என்று மற்றவர்களுக்குப் பொறாமை. வருடா வருடம் கூடுகிறோம். கல்யாணம், சாவு, கண் ஆபரேஷன் எதுவானாலும் ஓடி வருகிறோம். இதன் ரகசியம் என்ன என்று யாராவது கேட்டால், என் வீட்டுக்காரர் நட்பு, பாசம் என்று மேடைப் பேச்சு பேசுவார். அதெல்லாம் ஒன்றுமில்லை. அவளுக்குப் பயந்துகொண்டுதான் வருகிறோம்.

கல்லூரி விடுதியில் எனக்கும் அவளுக்கும் ஒரே அறை. நான் கொஞ்ச காலம் தற்காலிக ஆசிரியையாக ஓட்டிவிட்டுச் சேர்ந்தவள். வயதிலும் வாயிலும் பெரியவள். அவள் பாரிட் புந்தார் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தகரப் பெட்டியோடு வந்திருந்தாள். முதல் சில நாள் அவள் என்னிடம் பேசவே இல்லை. "இந்தாங்க", "இங்க பாருங்க" என்பதோடு சரி. தலைக்கனம் பிடித்தவள் என்று முடிவு கட்டினேன். ஒரு நாள் சாயங்காலம் நான் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றாள். முகமெல்லாம் வியர்வை.

"ஒங்கள நான் என்னா மொறைன்னு கூப்பிடறது?"

பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்றேன். கன்னத்தில் அறைந்த மாதிரி நின்றாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினாள். எந்த ஊர், எந்தத் தோட்டம், தாத்தா தமிழ்நாட்டில் எந்தப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறினார், குலசாமி எது, அம்மா வீட்டுப் பெயர் என்ன. அவள் பக்கத்துக்கும் என் பக்கத்துக்கும் எந்த இடத்திலும் முடிச்சு விழவில்லை. நெடுநேரம் யோசித்துவிட்டு, "சரி, அக்காவா இருந்துட்டுப் போங்க" என்றாள். ஏதோ பெரிய மனது பண்ணி எனக்கு வேலை போட்டுக் கொடுப்பது போல இருந்தது.

வேலைதான் அது. மறுநாள் காலையிலிருந்து எனக்குக் கடமைகள் வந்துவிட்டன. அவளுக்குத் தலை பின்னிவிட வேண்டும். சாப்பிடாவிட்டால் அதட்ட வேண்டும். பாட வேளையில் தூங்கி வழிந்தால் கிள்ள வேண்டும். நான் மறந்துவிட்டால், "அக்கான்னா கேக்க மாட்டீங்களா?" என்று அவளே நினைவூட்டுவாள். பதிலுக்கு மழை வந்தால் என் துணியை ஓடிப்போய் எடுப்பாள், எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஈரத்துணி போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். கூடப் பிறந்தவர்கள் எனக்கு நிறைய. ஒருத்தரும் அப்படி உட்கார்ந்ததில்லை.

அவளுக்குக் கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா பால்மரம் வெட்டி வளர்த்தாள். ஆனால் அவர்கள் இருந்த லயத்து வரிசையில் வீட்டுக்கு வீடு அவளுக்கு முறை இருந்தது. மாமா, சித்தி, பெரியப்பா, மச்சான் என்று எல்லாரும் யாராவது ஒருவராக இருந்தார்கள். விடுதிக்கு வரும்வரை அவள் தன் வயதுக்கு மேற்பட்ட ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையாம். பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது நாய்க்கும் வருகைப் பதிவுக்கும்தான் என்பது அவள் கட்சி.

ஒரு மாதத்துக்குள் வகுப்பு முழுவதும் அவள் சொந்தமாகிவிட்டது. தைப்பிங்கிலிருந்து வந்த கமாலுக்குத் தன் அப்பாவின் சாயல் இருப்பதாகச் சொல்லி அவனைச் சித்தப்பா ஆக்கினாள். கமாலுக்கு அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் "சித்தப்பா, கொழம்பு வேணுமா?" என்று அவள் கேட்கும்போது அவன் தட்டுக்குள் முகத்தை ஒளித்துக்கொள்வான். அண்ணன் என்றாவது வைத்துக்கொள் என்று கெஞ்சிப் பார்த்தான். அவள் மசியவில்லை. சாயலை எப்படி மாற்றுவது என்று கேட்டாள்.

லியோங் எங்கள் தமிழ்ப் பிரிவு இல்லை. சீனப் பள்ளிக்கு ஆசிரியராகப் போக வேண்டியவன். சிம்பாங் பூலாய்க்காரன். ஒரு நாள் மழையில் அவளைப் பேருந்து நிறுத்தம் வரை தன் குடையில் கொண்டுபோய் விட்டான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். மறுநாள் அவனிடம் மலாயில் விசாரணை நடந்தது. தம்பி தங்கை உண்டா? இல்லை, வீட்டில் கடைக்குட்டி. அப்படியானால் இனி உண்டு என்று சொல்லிவிட்டாள். சீனத்தில் அண்ணனை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டுப் பழகிப் பார்த்தாள். அவள் வாய்க்கு அது ஒட்டவில்லை. ஆகவே அவன் "அண்ணே" என்றால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டான். இன்றைக்கும் அவருக்குத் தெரிந்த தமிழ் என்பது முறைப் பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்களும்தான். அதை வைத்துக்கொண்டு எங்கள் வீடுகளில் எங்கேயும் அவர் பட்டினி கிடந்ததில்லை.

இதெல்லாம் விளையாட்டு என்றுதான் நாங்கள் நினைத்தோம். விளையாட்டில்லை என்று தெரிந்தது என் கல்யாணப் பேச்சில்.

சிலிபினிலிருந்து வந்த ஒருவர் எங்கள் வகுப்பில் இருந்தார். அவரை அவள் "அண்ணே" என்றுதான் கூப்பிட்டாள். சனிக்கிழமை வீட்டுக்குப் போய்த் திரும்பினால் அவளுக்கென்று தனியாக வடைப் பொட்டலம் கொண்டு வருவார். அந்த வடையில் பாதி எனக்கு வரும். அப்படித்தான் எங்களுக்குள் பேச்சு வளர்ந்தது. இரண்டாம் வருடம், நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று அவளிடம்தான் முதலில் சொன்னேன். குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். அண்ணனும் அக்காவும் எப்படிக் கட்டிக்கொள்ள முடியும் என்பது அவள் கேள்வி. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சில நாள் கழித்துச் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் முன்னால் போய் நின்று, இனிமேல் நீங்கள் எனக்கு அண்ணன் இல்லை, அத்தான் என்று சொல்லிவிட்டு அழுதாள். ஓர் அண்ணனை விட்டுக் கொடுத்த அழுகை அது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. கல்யாணத்தில் ஒரு மனைவி வந்தாள், ஒரு தங்கச்சி போய்விட்டாள், எது லாபம் என்று இன்னும் பிடிபடவில்லை என்று அவர் இப்போதும் என் காதுபடவே சொல்கிறார்.

அவள் கல்யாணம் ஈப்போவில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை ஒரு பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளர். அவள் பத்து வார்த்தை பேசினால் அரை வார்த்தை பேசுகிற நல்ல மனிதர். பெண் வீட்டுப் பக்கம் உட்கார அம்மாவைத் தவிர ஆள் கிடையாது என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்திருந்தார்கள். நாங்கள் ஒரு வகுப்பே போய் இறங்கினோம். பொரியிட வேண்டிய நேரம் வந்ததும் குருக்கள், பெண்ணின் அண்ணன் தம்பி யாராவது வாருங்கள் என்றார். லியோங் எழுந்து போனான். வேட்டி நழுவாமலிருக்க மேலே பெல்ட் போட்டிருந்தான். குருக்கள் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்ப அவனைப் பார்த்தார்.

"அண்ணன்தான் சாமி. பொரியக் குடுங்க" என்றாள் அவள், தலையைக் குனிந்தபடியே.

அவன் இரண்டு கையாலும் பொரியை அள்ளிப் போட்டான். பாதி தீயில், பாதி குருக்கள் மடியில். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிறகு எங்களை அரசாங்கம் நாலாபக்கமும் தூக்கிப் போட்டது. அவளுக்கும் அவள் கணவருக்கும் ஜொகூர். அங்கேதான் மகள் யாழினி பிறந்தாள். அவள் பிரசவத்துக்கு நான்தான் போனேன், அக்காவாயிற்றே. கமால் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு அப்பாவின் சாப்பாட்டுக் கடையை ஈப்போவில் எடுத்து நடத்த ஆரம்பித்தார். வருடக் கூட்டம் அந்தக் கடை மாடியில்தான் நடக்கும். ஜொகூரிலிருந்து வர முடியாத வருடங்களில் ஒவ்வொருவருக்கும் போன் அடித்து யார் வந்தது, யார் வரவில்லை என்று கேட்பாள். வராதவன் பாடு திண்டாட்டம்தான். மாமா முறையில் இருந்துகொண்டு வராமல் இருக்கலாமா என்று தொடங்கினால், அவன் அடுத்த வருடம் காய்ச்சலோடு வந்து சேருவான்.

கமாலுக்கு இருதயத்தில் ஆபரேஷன் ஆனபோது நெருங்கிய சொந்தம் மட்டும்தான் உள்ளே போகலாம் என்றார்கள். இரவெல்லாம் பேருந்தில் வந்தவள், தாதியிடம் போய் நான் அண்ணன் மகள் என்றாள். உள்ளே படுத்திருப்பவர் தாடி வைத்த முஸ்லிம். வெளியே நிற்பவள் நெற்றியில் பெரிய பொட்டு. இரண்டு பேருக்கும் ஒரே வயது. தாதி என்ன நினைத்தாளோ, கதவைத் திறந்துவிட்டாள். கமால் கண் விழித்ததும் முதலில் காதில் விழுந்தது, ஏன் சித்தப்பா, சொல்லாமலா வந்து படுத்துக்கொண்டீர்கள் என்ற திட்டுதானாம்.

இன்னொரு தடவை தாப்பா பேருந்து நிலையத்தில் கைப்பேசியைத் தவறவிட்டாள். அதை எடுத்த அம்மாள் நல்லவர். உள்ளே இருந்த எண்களில் "அண்ணன்" என்று போட்டிருந்ததை அழைத்திருக்கிறார். ஒரு சீனர் பேசினார். தவறான எண் என்று வைத்துவிட்டு, "சித்தப்பா" என்று இருந்ததை அழைத்தார். சலாம் சொல்லி ஒருவர் பேசினார். அதையும் வைத்துவிட்டுக் கடைசியில் எனக்கு அடித்தார். நான் எடுத்ததும், நீங்களாவது தமிழ்தானா அம்மா என்று கேட்டார். கைப்பேசிக்காரிக்கு மூளை கொஞ்சம் அப்படியோ என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டதை நான் இதுவரை அவளிடம் சொல்லவில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருக்கலாம். போன வருடம் என் மகன் கதிர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசையைப் பிய்த்துக்கொண்டே, கோலாலம்பூரில் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது, கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம் என்றான். யார் என்று கேட்டேன். யாழினி என்றான். சித்தி மகள்.

அவர்கள் சேர்ந்து வளர்ந்தவர்கள் இல்லை. ஜொகூர் ஒரு மூலை, ஈப்போ ஒரு மூலை. சின்ன வயதில் ஏதோ ஒன்றிரண்டு கல்யாணப் பந்தியில் பார்த்திருப்பார்கள். வேலைக்குப் போன இடத்தில், ஒரே கட்டடத்தில் மின்தூக்கியில் சந்தித்து, நீ இன்னார் மகன்தானே என்று ஆரம்பித்த பழக்கம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவள் மகள் என் வீட்டுக்கு வருவதென்றால் வேறென்ன வேண்டும்? என் வீட்டுக்காரர்தான் மெல்ல, "ஒன் தங்கச்சி என்னா சொல்லப் போறாளோ" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா தங்கை பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. அவளைப் பொறுத்தவரை என் மகன் அவளுக்கும் மகன்.

போன் அடித்தேன். யாழினியும் அன்றைக்கே அவளிடம் சொல்லியிருந்தாள். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் தொலைக்காட்சியை நிறுத்தினாள். கடைசியில், அவன் எனக்கு மகன் அக்கா, மகனுக்கு மகளை எப்படிக் கொடுப்பேன் என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கோபம் வந்தால் சொற்பொழிவாகவே வரும். உன் தாத்தா யார், என் தாத்தா யார், நமக்குள் சொட்டு ரத்தம் உண்டா, படித்தவள்தானே நீ என்றெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. அக்கா திட்டினால் தங்கச்சி கேட்டுக்கொள்ள வேண்டும் அல்லவா? கேட்டுக்கொண்டாள். ஆனால் சம்மதிக்கவில்லை.

அம்மா சம்மதிக்காமல் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று யாழினி சொல்லிவிட்டாள். கதிரும் அவளும் மாதக்கணக்கில் வாடிப்போய்த் திரிந்தார்கள். ஒரு நாள் கதிர் என்னிடம், சும்மா கூப்பிட்டதுதானே அம்மா, அதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. சும்மா கூப்பிட்டது என்று சொன்னால் ஈரத்துணியோடு தரையில் உட்கார்ந்திருந்தவளை நான் இல்லையென்று சொன்னதாகிவிடும்.

கடைசியில் கமால்தான் எல்லாரையும் கடைக்குக் கூப்பிட்டார். எல்லாரும் என்றால் நாங்கள் இருவர், அவளும் கணவரும், லியோங்கும் அவர் மனைவி மெய்யும், கதிர், யாழினி. இழுத்து ஆற்றிய தே தாரே தேநீர் வந்தது. யாரும் தொடவில்லை. அவள் மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் வழக்கம்போல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். ரொம்ப நாளாக அவர் மனதுக்குள் வைத்திருந்த வழி அது. நான்தானே முதலில் உனக்கு அண்ணன், பழையபடி என்னை அண்ணன் ஆக்கிவிடு, இவளை அண்ணி என்று கூப்பிடு, அண்ணன் மகன் உன் மகளுக்கு முறை மாப்பிள்ளை, கணக்கு முடிந்தது என்றார். நல்ல யோசனைதான் என்று கமாலும் தலையாட்டினார். எனக்குக்கூட ஆசையாகத்தான் இருந்தது.

அவள் தலையை ஆட்டினாள். "அன்னிக்கு ஒங்கள விட்டது விட்டதுதான் அத்தான். வேணும்னா மாத்தி, வேணாம்னா திருப்பி மாத்திக்கலாம்னா, நான் இத்தன வருஷமா கூப்பிட்டதெல்லாம் வெளையாட்டுன்னு ஆயிரும். எனக்கு அம்மா போனப்ப கூட வந்து நின்னது நீங்கல்லாந்தான். வேற சொந்தம் எனக்கு ஏது? அது வெளையாட்டு இல்ல லா. எங்கக்காவ நான் அண்ணின்னு கூப்பிட மாட்டேன்."

யாழினி அழ ஆரம்பித்தாள். அவள் மகளைப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த லியோங் பக்கம் திரும்பினாள். நான் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன் என்று மலாயில் சொன்னாள். எங்களுக்கும் சேர்த்துத் தமிழில் சொன்னாள். அவர்கள் தோட்டத்தில் முன்பு இப்படி ஒரு சிக்கல் வந்ததாம். முறை சரியில்லாத இடத்தில் மனசு ஒத்துப்போய்விட்டால், பெண்ணை முறையுள்ள வேறொரு வீட்டுக்குத் தத்துக் கொடுத்துவிடுவார்களாம். அந்த வீட்டார் மணவறையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுப்பார்களாம். லியோங் அவளுக்கு அண்ணன். ஆகவே எனக்குத் தம்பி. என் தம்பி மகள் என் மகனுக்குக் கட்டிக்கொள்கிற முறை.

"எம் மகள அண்ணனுக்கும் அண்ணிக்கும் குடுத்துர்றேன்" என்றாள்.

கதிர் சட்டம் பேசுகிறவன். யாழினி இதுவரை மாமா என்று கூப்பிட்டவரை அப்பா என்று கூப்பிடுவாளா, இதுவும் முறையை மாற்றுவதுதானே சித்தி என்று கேட்டான். எனக்கு அவனை உதைக்கலாம் போல இருந்தது. அவள் கோபப்படவில்லை.

"மாத்தலடா. குடுக்கறேன். மாத்துனா எனக்கு ஒண்ணும் போறதில்ல. குடுத்தா போவுதுல்ல?"

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. மகள் கல்யாணத்தில் மணவறையில் அவள் உட்கார மாட்டாள். தாரை நீரை அவள் ஊற்ற மாட்டாள். என்னை அக்கா என்று கூப்பிடுகிற அந்த ஒரு சொல்லுக்காக அதை விடத் துணிந்துவிட்டாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் கையை மேசைக்கடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

லியோங்குக்கு இரண்டு மகன்கள், மகள் கிடையாது. அவர் மெய்யிடம் கன்டனீசில் விளக்கிச் சொன்னார். மெய் யாழினியைப் பார்த்தார். லியோங் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இது கல்யாண நாளைக்கு மட்டும்தானா, எப்போதைக்குமா என்று மலாயில் கேட்டார். என்னிடம் எதையாவது ஒரு நாளைக்கென்று வைத்திருக்கிறேனா அண்ணே என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் எழுந்து போய்க் கை கழுவும் இடத்தில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அவள் கணவரைப் பார்த்தோம். அவர் தன் அரை வார்த்தையைச் செலவழித்து, "செய்யட்டும்" என்றார். கமால் ஆறிப்போன தே தாரேயைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கொண்டுவரச் சொன்னார்.

கல்யாணம் இந்த வருடம் ஈப்போவில் நடந்தது. பதிவுக்குப் போனபோது பெற்றோர் பெயர் சட்டப்படி எப்படியோ அப்படித்தான் எழுதினார்கள்; அரசாங்கத்துக்கு முறை தெரியாது, அது பாவம் என்று விட்டுவிட்டாள். மண்டபத்தில் மட்டும் அவள் சட்டம். மெய்க்கு நான்தான் பட்டுச்சேலை கட்டிவிட்டேன். நடக்கும்போது தடுக்குமோ என்று பயந்துகொண்டே இருந்தார். மணவறையில் லியோங்கும் மெய்யும் ஒரு பக்கம், நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பக்கம். குருக்கள் பெண் வீட்டாரிடம் கோத்திரம் கேட்டார். லியோங் என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்துக் கோத்திரம் மட்டும் எங்களுக்குத் தெரியுமா என்ன? இரண்டு வீட்டுக்கும் சிவ கோத்திரம் என்று குருக்களே சொல்லிக்கொண்டார்.

அவள் கீழே நின்றாள். அத்தைக்குரிய வேலைகளை ஒன்றுவிடாமல் செய்துகொண்டிருந்தாள். வந்தவர்களுக்குச் சந்தனம், பூ. யாழினியின் மாலை சரிந்தால் ஓடி வந்து சரிசெய்துவிட்டு உடனே கீழே இறங்கிவிடுவாள். ஒரு தடவைகூட மேலே நிற்கவில்லை. சிரித்த முகமாகத்தான் இருந்தாள். அவளைத் தெரியாதவர்கள் பார்த்தால் யாரோ தூரத்து உறவுக்காரி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

தாரை வார்க்கும் நேரம் வந்தது. கதிரின் கைமேல் யாழினியின் கை. அதற்குமேல் லியோங்கின் கை. மெய் செம்பை எடுத்தார். அவருக்குக் கை நடுங்கியது. நான் கீழே பார்த்தேன். அவள் சந்தனக் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றிருந்தாள். சிரிப்பு இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. மந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "ஏய், மேல வா" என்று கூப்பிட்டேன். தலைமையாசிரியைக் குரல். மண்டபமே திரும்பியது. குருக்கள் நிறுத்திவிட்டார். அவள் பதறிப்போய், முறை இல்லை அக்கா என்று உதட்டால் சொன்னாள்.

"அக்கா சொல்றேன். வா."

அவள் நின்ற இடத்தில் ஒரு கணம் தவித்தாள். இதற்கு மேல் அவளால் என்ன செய்ய முடியும்? அக்கா சொன்னால் தங்கச்சி கேட்க வேண்டும். கிண்ணத்தைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் பாதியில் திரும்பி, அவரையும் வரச்சொல்லிக் கையைக் காட்டினாள். அவர் சந்தனக் கிண்ணத்தோடே ஏறி வந்தார்.

இவர்கள் யார் என்று குருக்கள் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் லியோங் முந்திக்கொண்டார். தன்னிடமிருந்த தமிழையெல்லாம் திரட்டி, "அத்தை, சாமி. மாமா" என்றார். குருக்கள் சரி, சீக்கிரம் ஆகட்டும் என்றார்.

மெய் நகர்ந்து இடம் விட்டு, செம்பை அவள் பக்கம் நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. மெய்யின் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கினாள். நடுக்கம் நின்றது. மகளைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. கண்ணீர் வழிய என்னைத்தான் பார்த்தாள்.

"ஊத்தட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன். இரண்டு பேரும் சேர்ந்து ஊற்றினார்கள்.